செபஸ்தியம்மாவின் முப்பத்தோராம் நாள்

தான் செத்துப்போன செய்தி செபஸ்தியம்மாவுக்கு எட்டியபோது காலை எட்டரை மணி இருக்கும். குசினி வாசலில் பலகைக்கட்டை போட்டுக் குந்தியிருந்து, அவித்த உருளைக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கிழங்கு சுட்டது. ஒவ்வொன்றையும் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி ஊதி ஊதி உரித்துக்கொண்டிருந்த நேரத்தில் போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

"ஹலோ."

மறுபக்கத்தில் ஒரு பெண் விம்மினாள். "பிள்ளை, நீரோ கதைக்கிறது? நான் பிரான்சிலையிருந்து. அம்மா என்னண்டு பிள்ளை செத்தவா?"

செபஸ்தியம்மாவின் தாய் செத்து இருபத்தாறு வருடம். இப்போது ஏன் விசாரிக்கிறாள் என்று விளங்கவில்லை. ஆனாலும் அழுதுகொண்டு கேட்பவளுக்குப் பதில் சொல்வதுதானே மரியாதை.

"நெஞ்சிலை சளி கட்டி, மூண்டு மாசம் பாயிலை கிடந்துதான் செத்தவா."

"ஐயோ, ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே. எப்ப எடுக்கிறியள்?"

"எதை?"

"பிரேதத்தை, பிள்ளை."

"அதை எடுத்து இருபத்தாறு வருசமெல்லே!"

விம்மல் நின்றது.  பிறகு அந்தப் பெண் தன் பக்கத்தில் நின்ற யாருக்கோ, "பாவம், கவலையிலை பிள்ளைக்கு மூளை குழம்பிப் போச்சு" என்று சொல்வது கேட்டது. போன் வைக்கப்பட்டது.

அடுத்த கிழங்கைக் கையில் எடுக்க முன் லண்டனிலிருந்து ஒருவர். அவருக்குப் பிறகு கனடா. அதை அவள் எடுக்கவில்லை. நான்காவது, நகரத்தில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்யும் மகள் டிலக்ஷி.

"அம்மா, நீங்கள் உயிரோடைதானே இருக்கிறியள்?"

"கிழங்கு உரிக்கிறன்."

"ஒருத்தரோடையும் கதையாதேங்கோ. நான் வெளிக்கிட்டிட்டன்."

இதெல்லாம் ஒரு கட்லட்டில் தொடங்கியது.

செபஸ்தியம்மா இந்தத் தொழிலைத் தொடங்கி பதின்மூன்று வருடத்துக்கு மேலாகிறது. வன்னியிலிருந்து மகளோடு குருநகருக்குத் திரும்பி வந்து, கூரை போட்டு முடிந்த கையோடு, ஒரு மாதா பெருநாளன்று முதல் எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் வைத்தாள். மீன் கட்லட், றோல்ஸ், பற்றிஸ். அவள் கட்லட்டில் கிழங்கு குறைவு, மீன் கூட. மிளகும் தேசிக்காய்ப் புளியும் கடைசியில்தான் ஏறும். பாண்தூளில் பிரட்டி எடுக்கும்போது ஒவ்வொன்றும் ஒரே அளவாக, சின்னப் பிள்ளையின் பொத்திய கை மாதிரி இருக்கும். காலையும் பின்னேரமும் ஆறு தேத்தண்ணிக் கடைகளுக்குப் போகும். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிய கொஞ்ச நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் அவளுக்குப் பிடிக்காதது. ஒருநாள் ஆசுப்பத்திரி வீதிக் கடையொன்றில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் அவளுடைய கட்லட்டையே கடித்துப்போட்டு, "அருமையான சாமான். உதை ஆர் தம்பி போடுறது?" என்று கடைக்காரனைக் கேட்டார். கடைக்காரன் செபஸ்தியம்மாவின் முகத்துக்கு நேரே, "எங்கடைதான்" என்றான். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, காசை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குத்தான் டிலக்ஷி பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்தாள். பெயர், "செபஸ்தியம்மாவின் கட்லட்".

பக்கம் திறந்தது சரி. ஆனால் அதில் என்ன போடுவது என்று தாய்க்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. ஒவ்வொரு காலையும் ஒரு றோசாப்பூவும் "இனிய காலை வணக்கம்" என்ற வசனமும் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூவுக்குப் பதில் ஒரு சிலுவை. எட்டு மாதத்தில் அறுபத்தொரு பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஐம்பது பேர் சொந்தக்காரர். மிச்சப் பதினொரு பேரில் இருவர் அந்தப் பக்கத்துக்கே வந்து தங்கள் கட்லட்டை விற்றார்கள்.

"உங்கடை முகத்தைப் போட வேணும் அம்மா. சனம் முகத்தைத்தான் பாக்கும்" என்பாள் டிலக்ஷி.

"கட்லட்டுக்கு என்னத்துக்கடி என்ரை முகம்? அதை ஆரும் கடிக்கிறதோ?"

இப்படியே போயிருக்கும், ஊர்த் தேவாலயத்தின் யாகப்பர் பெருநாள் வராமல் இருந்திருந்தால். யூலை இருபத்தைந்தாம் திகதி திருநாள் பூசை முடிய, வந்த சனம் எல்லாருக்கும் தேத்தண்ணியும் ஒரு சிற்றுண்டியும் கொடுப்பது பெருநாள் குழுவின் வழக்கம். வருடா வருடம் நகரத்து பேக்கரி ஒன்றிலிருந்து பெட்டி பெட்டியாகச் சீனிப் பணிஸ் வரும். இம்முறை குழுவின் தலைவர் சந்தியோகு ஒரு மாதத்துக்கு முன்பே, ஞாயிற்றுப் பூசை முடிந்து வெளியே வரும்போது செபஸ்தியம்மாவை மறித்தார்.

"பிள்ளை, ஆயிரத்திருநூறு கட்லட் உம்மாலை ஏலுமோ?"

"ஏலும் அண்ணை."

"கமிற்றியிலை இளம் பெடியள் இருக்கிறாங்கள். உம்மைத் தெரியாது எண்டுறாங்கள். பேஸ்புக்கிலை ஒரு வடிவான நோட்டீஸ் போடும். அதைக் காட்டித்தான் நான் கதைக்கலாம். வாற ஞாயிறு முடிவு."

ஆயிரத்திருநூறு பேர், எல்லாரும் ஊர்ச் சனம், கோயில் முற்றத்தில் நின்று, அது செபஸ்தியம்மாவின் கட்லட் என்று தெரிந்துகொண்டே கடிப்பார்கள். அன்று இரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. பாண்தூள் எத்தனை கிலோ வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

நோட்டீஸ் செய்ய லெனாட்டிடம் போனார்கள். பிரதான வீதியில் சின்னக் கடை, ஒரு கொம்பியூட்டர், ஒரு கமரா. "நான் பாத்துக்கொள்ளுறன் செபஸ்தியக்கா. படம் என்னட்டையே கிடக்கு. நாளைக்கு விடிய உங்கடை பக்கத்திலையும் போட்டு, குருநகர்ச் சனத்தின்ரை குறூப் எல்லாத்திலையும் நானே போட்டு விடுறன்" என்றான். சொன்ன மாதிரியே செய்தும் விட்டான்.

அந்தக் காலை, போன் வைத்த கையோடு, டிலக்ஷி ஸ்கூட்டியை வாசலில் சரித்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். போனைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

நடுவில் முட்டை வடிவத்துக்குள் செபஸ்தியம்மா. அடையாள அட்டைக்கு எடுத்த படம். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தது. தலையைச் சுற்றி வெளிச்சம். வலப்பக்கம் எரிகிற மெழுகுதிரி, இடப்பக்கம் வெள்ளை றோசா, பின்னால் முகில். மேலே கொட்டை எழுத்தில் "அறிவித்தல்". அதன் கீழே "திருமதி செபஸ்தியம்மா நீக்கிலாப்பிள்ளை". அதற்கும் கீழே "தோற்றம்: 15.08.2011". பிறகு சின்ன எழுத்தில் இப்படி இருந்தது:

"யாழ். குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட செபஸ்தியம்மா அவர்களின் மீன் கட்லட், றோல்ஸ், பற்றிஸ் ஆகியன. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம். தகவல்: குடும்பத்தினர்." அதற்கடியில் அவளுடைய போன் இலக்கம்.

சாவு அறிவித்தலில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் வரும் இடத்தில் கட்லட்டும் றோல்ஸும் பற்றிஸும் வரிசையாக நின்றன. பாரிசிலும் ரொறன்ரோவிலும் பஸ்சுக்கு நின்றுகொண்டு போனைத் தட்டுகிற சனம் அவ்வளவு சின்ன எழுத்தை வாசிக்குமா? முகிலையும் மெழுகுதிரியையும் கண்டால் போதும், விரல் தானாகவே "ஆழ்ந்த இரங்கல்" என்று எழுதிவிடும். எழுதியும் இருந்தார்கள், முந்நூற்று நாற்பது பேர். இருநூறு பேர் அதைத் தங்கள் பக்கங்களிலும் போட்டிருந்தார்கள்.

"அம்மா, அழுறியளோ?"

செபஸ்தியம்மா அழவில்லை. கிழங்குச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "பற்றிஸையும் துக்கத்திலை சேர்த்துப்போட்டானடி" என்று சொல்லித் திரும்பவும் சிரித்தாள்.

ஆனால் அந்தச் சிரிப்பு வாசல் படலை வரைதான் போனது. படலையில் சந்தியோகு நின்றார். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, இரண்டு கையாலும் ஒரு பெரிய மலர்வளையம். அவர் வீட்டைப் பார்த்தார், கொடி ஒன்றும் கட்டவில்லை. முற்றத்தைப் பார்த்தார், கதிரை ஒன்றும் போடவில்லை. பிறகு குசினிப் பக்கமிருந்து கையெல்லாம் கிழங்கு மாவோடு நடந்து வந்தவளைப் பார்த்தார்.

"மாதாவே!" என்று ஒரு அடி பின்னால் வைத்தார்.

"வாங்கோ சந்தியோகண்ணை. உதென்ன கையிலை?"

"இது..." அவர் வளையத்தைக் குனிந்து பார்த்தார். "இது உமக்குத்தான் பிள்ளை."

"நல்ல வடிவாயிருக்கு. நான் உயிரோடை இருக்கேக்கை ஒருத்தரும் எனக்குப் பூ தந்ததில்லை. உள்ளுக்கை கொண்டு வாங்கோ."

வளையத்தின் நாடாவில் "கண்ணீர் அஞ்சலி, பெருநாள் குழு" என்று எழுதியிருந்தது. சந்தியோகு கதிரையில் இருந்து, தண்ணி குடித்து, இன்னொரு முறை அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, அதற்குப் பிறகுதான் நம்பினார். நம்பிய பிறகு அவருடைய முகம் இன்னும் கெட்டுப்போனது.

"பிள்ளை, நான் ஒரு பிழை விட்டிட்டன்."

"கமிற்றி என்ன சொல்லிச்சுது?"

"விடிய ஆறு மணிக்குப் பாத்தன், நோட்டீஸை. ஏழு மணிக்குப் பேக்கரிக்குப் போன் பண்ணி, வழமை போல தாங்கோ எண்டு சொல்லிப்போட்டன். முற்பணமும் குடுத்தாச்சு. செத்த வீட்டிலை போய்க் கட்லட் கேக்கிறதோ? முப்பத்தோராம் நாள் துக்கம் கழியாமல் அந்த வீட்டுக் குசினியிலை ஆர் தாச்சி வைப்பினம்? வாக்குக் குடுத்திட்டன் பிள்ளை. இனி மாத்தேலாது."

செபஸ்தியம்மா உள்ளே போய், காலையில் பொரித்ததில் இரண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். தன் சாவுக்கு வந்த மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவர் தலையைக் குனிந்தபடி இரண்டையும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடியக் கண் கலங்கியிருந்தது. அது மிளகா, வேறு ஏதாவதா என்று அவள் கேட்கவில்லை.

அவர் போன பிறகு லெனாட் வந்தான். படலைக்கு வெளியே நின்றே, "செபஸ்தியக்கா, அடிக்கிறதெண்டா அகப்பையாலை அடியுங்கோ, தாச்சியாலை வேண்டாம்" என்றான்.

"உனக்கு அறிவிருக்கோ லெனாட் அண்ணை? தோற்றம் எண்டு போட்டிருக்கிறாய்!" டிலக்ஷி கத்தினாள்.

"தொழில் தோன்றின நாள்தானே பிள்ளை. நல்ல செந்தமிழ் எண்டு நினைச்சன்." அவன் தலையைச் சொறிந்தான். "உண்மையைச் சொல்லுறன் அக்கா. எனக்கு ஒரு நாளைக்கு மூண்டு சா, ரெண்டு நினைவஞ்சலி வருது. பன்ரண்டு வருசத்திலை ஒரு கட்லட் வரேல்லை. இருந்த அச்சிலை உங்களை வைச்சன். நான் 'மரண' எண்ட சொல்லை எடுத்திட்டன்தானே."

"மெழுகுதிரியை எடுக்கேல்லையே!"

"அது வடிவாயிருந்துது."

டிலக்ஷி போனை எடுத்தாள். "நான் இப்பவே அழிக்கிறன்."

"அழியாதை" என்றாள் செபஸ்தியம்மா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சுவரில் தொங்கிய கோயில் கலண்டருக்கு முன்னால் நின்று, விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். யூன் இருபத்தைந்து, ஒன்று. யூன் முப்பது, ஆறு. விரல் தாளைப் புரட்டி அடுத்த மாதத்துக்குப் போனது. ஒவ்வொரு கட்டமாக இறங்கி, சிவப்பு எழுத்தில் இருந்த ஒரு நாளில் நின்றது.

"இண்டையிலிருந்து முப்பத்தோராம் நாள் யாகப்பர் பெருநாள்."

"அதுக்கு?" என்றான் லெனாட்.

"சாவுக்கு வந்த சனத்துக்கு முப்பத்தொண்டிலை நன்றி சொல்லிச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ? முந்நூறு பேர் வந்திருக்கினம். கதவைப் பூட்டிப்போட்டு ஓடுறதோ? முதல்லை வந்த ஆக்களோடை கதைப்பம். போனைத் தா இஞ்சை."

அன்று பின்னேரம் கடைகளுக்குச் சாமான் அனுப்பிவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, செபஸ்தியம்மா போனோடு குந்தினாள். ஒற்றை விரலால் எழுதினாள். டிலக்ஷி எழுத்துப்பிழை திருத்த வந்தபோது தள்ளிவிட்டாள்.

நோர்வேயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: "ஆன்மா சாந்தியடையட்டும்." அவள் எழுதினாள்: "நன்றி தம்பி. ஆன்மா சாந்தியாத்தான் இருக்கு. முழங்கால்தான் நோகுது."

"தோற்றம் 2011 எண்டு கிடக்கு. பதின்மூண்டு வயசுப் பிள்ளையோ? முகம் முத்தினமாதிரித் தெரியுது" என்று ஒருவர் கேட்டிருந்தார். "அடுப்படியிலை நிண்டு முத்திப்போனன்" என்று பதில் போனது.

"என்ரை கலியாணத்துக்கு றோல்ஸ் செய்து தந்தவா. அப்பிடி ஒரு றோல்ஸ் இனி இந்தப் பிறவியிலை கிடைக்குமோ?" "கிடைக்கும். அடுத்த கலியாணத்துக்கும் சொல்லும். மனுசியிட்டை ஒருக்கால் கேட்டுப்போட்டு."

ஜேர்மனிக்காரர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். சின்ன வயதில் அவளுடைய வளவுக்குள் ஏறி மாங்காய் களவெடுத்தவராம். ஒருநாள் ஊருக்கு வந்து மன்னிப்புக் கேட்க இருந்தவராம். இனி எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தார். செபஸ்தியம்மா ஒரு சொல் எழுதினாள்: "கேளும்."

அரை மணித்தியாலத்தில் ஜேர்மனியிலிருந்து போன் வந்தது. வளர்ந்த ஆம்பிளை, பேரப்பிள்ளை கண்டவர், சிரித்துச் சிரித்து அழுதார்.

இரவுச் சாப்பாடு ஆறியது. அறுபது பேருக்குப் பதில் எழுதியிருந்தாள். அறுபத்தோராவது ஆளுக்கு அவளுடைய விரல் ஓடவில்லை. டிலக்ஷி எட்டிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண், வன்னியில் அவர்களுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்தவளாக இருக்க வேண்டும், இப்படி எழுதியிருந்தாள்: "அக்கா அண்ணையிட்டைப் போட்டா. நீக்கிலாப்பிள்ளை அண்ணை வாசல்லை நிண்டு கூட்டிக்கொண்டு போயிருப்பார்."

நீக்கிலாப்பிள்ளை செபஸ்தியம்மாவின் கணவர். கடலுக்குப் போன மனிதர். இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டுச் சண்டையில் மாத்தளன் கரையில் செல் குண்டு விழுந்து இறந்தார். மெழுகுதிரி இல்லை, முகில் இல்லை, முட்டை வடிவப் படம் இல்லை. கடற்கரை மணலில் அடக்கம் செய்துவிட்டு, பன்னிரண்டு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். முப்பத்தோராம் நாள் முகாமில் வந்து போனது. அன்றைக்கு என்ன கிழமை என்றே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்ன எழுதப் போறியள் அம்மா?" என்று டிலக்ஷி மெதுவாகக் கேட்டாள்.

செபஸ்தியம்மா யோசித்தாள். பிறகு எழுதினாள்: "அவர் இன்னும் கூப்பிடேல்லை தங்கச்சி. கட்லட் முடியட்டும் எண்டு பாக்கிறார் போலை."

எழுதிவிட்டு எழும்பினாள். "சோத்தைப் போடு. பசிக்குது."

இப்படி மூன்று நாள். அவள் பதில் எழுத எழுத, செத்தவள் பதில் எழுதுகிறாள் என்று சனம் ஆளுக்காள் அனுப்பியது. றோசாப்பூப் போட்டு எட்டு மாதத்தில் வராத சனம் இந்த மூன்று நாளில் வந்தது. சிலர் வேண்டுமென்றே "ஆழ்ந்த இரங்கல்" எழுதி, என்ன ஏச்சுக் கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். மருந்துக்கடைக்கு வந்தவர்கள் டிலக்ஷியிடம், "அம்மா இண்டைக்கு என்ன எழுதினவா?" என்று கேட்டு, சிரித்து முடிந்த பிறகுதான் மருந்துத் துண்டை நீட்டினார்கள்.

நாலாம் நாள் அவள் லெனாட்டின் கடைக்குப் போனாள். "அதே அச்சு. அதே மெழுகுதிரி. அதே படம். நான் சொல்லச் சொல்ல அடி" என்றாள். லெனாட் அடித்தான். இடையில் சிரிப்பு வந்து இரண்டு தரம் நிறுத்தினான். ஒரு இடத்தில் சிரிக்காமல் நிறுத்தினான்.

"நன்றி நவிலல்.

கடந்த 25ஆம் திகதி இறைபதம் அடைந்ததாக உங்களால் நம்பப்பட்ட திருமதி செபஸ்தியம்மா நீக்கிலாப்பிள்ளை எழுதிக்கொள்வது. என் மறைவுச் செய்தி கேட்டு நேரிலும் தொலைபேசியிலும் முகநூலிலும் அனுதாபம் தெரிவித்தவர்களுக்கும், மலர்வளையம் கொண்டுவந்தவருக்கும், மாங்காய் களவெடுத்ததை ஒப்புக்கொண்டவருக்கும் நன்றி.

2009ஆம் ஆண்டு சித்திரை மாதம் மாத்தளன் கரையில் என் கணவர் நீக்கிலாப்பிள்ளை இறந்தபோது, அறிவித்தல் போடவும் நன்றி சொல்லவும் எங்களுக்கு வழி இருக்கவில்லை. அன்று மண்வெட்டி கொண்டுவந்து குழி வெட்டித் தந்த, நான் பெயர் கேட்க மறந்த மூன்று பேருக்கும் இத்தோடு என் நன்றி.

என்னுடைய முப்பத்தோராம் நாள் யூலை 25, யாகப்பர் பெருநாளன்று வருகிறது. பூசை முடிய, கோயில் மதிலோரம் வேப்பமரத்தடியில் மீன் கட்லட் கொடுக்கப்படும். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் வந்து சாப்பிட்டு, நான் உயிரோடு இருப்பதை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தகவல்: நானே."

"எத்தினை பேருக்கு அக்கா குடுப்பியள்? காசுக்கோ, சும்மாவோ?" என்று லெனாட் கேட்டான்.

"முப்பத்தொண்டுக்கு ஆரும் காசு வாங்குவினமோ? என்னாலை ஒரு இருநூறு ஏலும். முன்னுக்கு வந்த சனம் சாப்பிடட்டும்."

அந்த இருநூறு அன்று பின்னேரமே வளரத் தொடங்கியது. மாங்காய்க்காரர்தான் முதல். "அக்கா, என்ரை பேரிலை நூறு பேருக்குக் குடுங்கோ. களவெடுத்த மாங்காய்க்குக் கணக்குச் சரி." அதைப் பார்த்துக் கலியாண றோல்ஸ்காரர் நூறு. அம்மா என்னண்டு செத்தவா என்று முதன்முதல் போன் எடுத்த பிரான்சுக்காரி, தன் மூன்று சகோதரிகளையும் சேர்த்து இருநூறு. லண்டனில் இருக்கும் குருநகர்ப் பெடியள் கூடி ஐந்நூறு. "ஊருக்கு வரேலாது அக்கா. எங்கடை பங்கை அங்கை நிக்கிற ஆராவது சாப்பிடட்டும்" என்று எழுதினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். யாருடைய பெயரில் எத்தனை, எவ்வளவு காசு வந்தது என்று டிலக்ஷி ஒரு கொப்பியில் குறித்தாள். வேறு பலரும் சேர, பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது எண்ணிக்கை ஆயிரத்தறுநூறு. குழி வெட்டித் தந்த அந்த மூன்று பேரில் ஒருவரும் எழுதவில்லை. அவர்கள் பார்த்தார்களோ, இருக்கிறார்களோ, தெரியாது. செபஸ்தியம்மா மட்டும் ஒவ்வொரு நாளும் மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் தேடிப் பார்ப்பாள்.

மேசை போடுவதற்குக் குழுவின் அனுமதி வேண்டும். அவள் சந்தியோகு வீட்டுக்குப் போனாள்.

"மதிலுக்கு வெளியிலை, மதிலோரமா ஒரு மேசை போடலாமோ அண்ணை?"

"மதிலுக்கு வெளியிலை என்னத்துக்கு?" என்றார் அவர். முற்பணம் கொடுத்த நாளிலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பூசைக்குப் போய் வந்தவர். "உள்ளுக்கை போடும். தேத்தண்ணி குடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலை. ஆரும் ஏதும் கேட்டா நான் சொல்லிக்கொள்ளுறன்."

"பேக்கரிக்காரன் கோவிக்கானோ?"

"அவன்ரை பணிசைச் சனம் ஒரு கையிலை பிடிக்கட்டும். மற்றக் கை சும்மாதானே கிடக்கு."

இருபத்துநாலாம் திகதி அதிகாலை செபஸ்தியம்மா கோயிலுக்குப் போய், நீக்கிலாப்பிள்ளையின் பெயரில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் சேலையைச் செருகினாள். அயலிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி கிழங்கு, ஒருத்தி மீன் முள், ஒருத்தி வெங்காயம், ஒருத்தி உருட்ட. லெனாட் பிழைக்குப் பரிகாரமாகப் பாண்தூள் பிரட்டினான். "கொம்பியூட்டரிலை செய்யிற மாதிரி ஒண்டைச் செய்து மற்றதெல்லாம் பிரதி எடுக்கேலாதோ?" என்று கேட்டு, வெங்காயக்காரியிடம் முதுகில் ஒன்று வாங்கினான். சிரிப்புச் சத்தம் ரோட்டில் போனவர்களுக்குக் கேட்டது. அதை டிலக்ஷி போனில் பிடித்துப் போட்டாள். கீழே முதல் ஆள் எழுதினார்: "இவ்வளவு சந்தோசமான செத்த வீட்டை நான் கண்டதில்லை."

பெருநாளன்று பூசை முடிந்து மணி அடித்தது. முற்றம் முழுக்கச் சனம். தேத்தண்ணி கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நீள மேசை, அதில் தட்டுத் தட்டாகச் சுடச்சுடக் கட்லட். பின்னால் லெனாட் கட்டிய துணிப் பதாகை. மெழுகுதிரி, றோசா, முகில், சிரிக்காத படம், அதற்கு நேர் கீழே சிரித்துக்கொண்டு நின்ற செபஸ்தியம்மா. சனம் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தது. "இது ஜேர்மனி மாங்காய்க்காரற்றை", "இது லண்டன் பெடியளின்ரை" என்று பெயர் சொல்லிச் சொல்லி அவள் கொடுத்தாள். வாங்கியவர்களோ, "செபஸ்தியம்மாவின்ரை கட்லட் எடுத்தாச்சோ?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அது காதில் விழும் ஒவ்வொரு முறையும் அவளுடைய கை ஒரு கணம் நின்று பிறகு ஓடியது. ஆசுப்பத்திரி வீதிக் கடைக்காரனும் வந்திருந்தான். அவள் அவனுக்கு இரண்டு கொடுத்து, "எங்கடைதான் தம்பி, சாப்பிடும்" என்றாள். அவன் நெளிந்தான்.

சந்தியோகு ஒரு கையில் பேக்கரிப் பணிசோடு வரிசையில் நின்று வந்தார். மற்றக் கையை நீட்டினார்.

"முப்பத்தொண்டு கழிஞ்சுது. அடுத்த வருசம் பெருநாளுக்கு வேளைக்கே சொல்லிப்போட்டன் பிள்ளை. ஆயிரத்திருநூறு. அதுக்கிடையிலை ஒருக்காலும் செத்துப்போடாதையும்."

"நோட்டீஸ் போட்டுச் சொல்லுறன் அண்ணை."

அவருக்குப் பின்னால் பாசையூரிலிருந்து வந்த வயதுபோன மனுசி ஒருத்தி. கண் சரியாகத் தெரியாது. பதாகையை நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், மெழுகுதிரி மட்டும் தெரிந்திருக்க வேண்டும். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, துக்கக் குரலில் கேட்டாள்:

"ஆரின்ரை முப்பத்தொண்டு, பிள்ளை?"

"என்ரைதான் ஆச்சி" என்றாள் செபஸ்தியம்மா. "சூடு ஆற முன்னம் சாப்பிடுங்கோ. இந்தாங்கோ, இன்னொண்டு எடுங்கோ."